குமாவோன் மலையில் ஒருவேளைச் சோறு



இமயமலைக்குச் சென்று வந்தவர்கள் பனிச் சிகரங்களைப் பற்றிப் பேசுவர். ஏரிகளைப் பற்றிப் பேசுவர். “அங்கே என்ன உண்டீர்கள்?” என்று கேட்டால் பெரும்பாலோர் விழிப்பர். எங்கும் கிடைக்கும் பூரியையும் நூடுல்ஸையுமே உண்டு திரும்பியிருப்பர். ஒரு நாட்டைக் கண்ணால் மட்டும் பார்த்தல் போதாது. அதன் அடுப்பையும் அறிதல் வேண்டும்.

உத்தராகண்ட் மாநிலத்தின் கிழக்குப் பகுதியே குமாவோன். தில்லியில் இரவு புகைவண்டி ஏறினால் காலையில் காட்கோதாம் நிலையத்தில் இறங்கலாம். இருப்புப்பாதை அங்கே முடிகிறது. மலை அங்கே தொடங்குகிறது. அல்மோரா செல்லும் வழியில், கோசி ஆற்றங்கரையிலுள்ள கைர்னாவில் வண்டிகள் நிற்கும். அங்கே ‘ஆலூ கே குட்கே’ கேளுங்கள். வேகவைத்த உருளைக்கிழங்கைக் கடுகெண்ணெயில் சிவக்க வதக்கி, காய்ந்த மிளகாயுடன் ‘ஜக்கியா’ தாளித்துத் தருவர். நம் வயல் வரப்புகளில் மஞ்சள் பூப்பூத்துக் களையாய் நிற்கும் நாய்க்கடுகின் விதைதான் இந்த ஜக்கியா! நாம் பிடுங்கி எறிவதை அவர்கள் போற்றிச் சேர்த்து வைக்கிறார்கள். உடன் வரும் வெள்ளரிக்காய்த் தயிர்ப்பச்சடியில் அரைத்த கடுகின் காரம் மூக்கில் ஏறும். துவையலோ கஞ்சாச் செடியின் விதையில் அரைத்தது. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். விதையில் போதை இல்லை. வறுத்து அரைத்தால் நம் எள்ளுத் துவையலை நினைவூட்டும்.

சென்ற ஐப்பசியில் அல்மோராவுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் தங்க நேர்ந்தது. வீட்டில் ஒரு மூதாட்டி. விடுமுறையில் வந்திருந்த பேரன். பாட்டியை அங்கே ‘ஆமா’ என்று அழைக்கிறார்கள். பேரன் தில்லியில் ஓர் உணவு விடுதியில் சமையல் வேலை செய்பவன். விருந்தினருக்கென்று நூடுல்ஸ் வாங்கிவர அவனைக் கடைக்கு அனுப்பப் போனார் ஆமா. “வேண்டாம், ஆமா! நீங்கள் அன்றாடம் உண்பதையே எனக்கும் இடுங்கள்” என்றேன். அவர் முகம் வாடியது. “அது விருந்தாளிக்கு இடும் சாப்பாடு அன்று, நாங்கள் வயிறு கழுவும் சாப்பாடு” என்றாராம். பேரன் மொழிபெயர்த்தான். நான் விடவில்லை.

இரும்புச் சட்டி அடுப்பில் ஏறியது. ‘பட்’ என்னும் கறுப்புச் சோயா மொச்சையை எண்ணெயில் வெடிக்க வறுத்து, மாவு சேர்த்துச் சிவக்கவிட்டு, நீர் வார்த்து நெடுநேரம் கொதிக்க விட்டார். இதுவே ‘சுட்கானி’. கரிய குழம்பு, சூடான சோற்றில் பிசைந்து உண்ணவேண்டும். முதல்நாளே ஊறவைத்திருந்த ‘கஹத்’, அதாவது நமது கொள்ளு, உயர்ந்த மலைகளில் விளையும் ‘ஜம்பு’ என்னும் மணப்பூண்டின் தாளிப்போடு வந்தது. ‘மண்டுவா’ ரொட்டி நெய்யில் மினுங்கியது. அது நம் கேழ்வரகே. இறுதியாக ‘ஜங்கோரா’ப் பாயசம், அது நம் குதிரைவாலியின் இனம். ஆயிரம் கல்லுக்கு அப்பால் வந்து, என் தாயார் சமைத்த தானியங்களையே உண்டேன்!

இரண்டாம் முறை கேட்டு உண்டபோது ஆமாவின் முகம் மலர்ந்தது. பேரனோ சட்டியையே பார்த்திருந்தான். “எனக்கு எத்தனையோ உணவு சமைக்கத் தெரியும், இது தெரியாது” என்றான் மெல்ல.

மறுநாள் அவர்களுடைய படிக்கட்டு வயல்களைக் கண்டேன். பாதிக்கு மேல் புல் மண்டிக் கிடந்தன. பன்றியும் குரங்கும் பயிரை அழிக்கின்றன. காக்க இளைஞர் இல்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அல்மோரா மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-ஐவிடக் குறைந்திருந்தது. அதன் பின்னரும் மாநிலமெங்கும் 734 சிற்றூர்கள் ஆளற்றுப் போயின என்று 2018-இல் அரசின் இடப்பெயர்வு ஆணையம் அறிவித்தது. 2023-இல் மண்டுவா, ஜங்கோரா, கஹத், கறுப்பு பட் ஆகியவற்றுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சியே. ஆனால் குறியீடு உழாது, விதைக்காது. உண்பவர் வேண்டும், உண்ண வெட்கப்படாதவர் வேண்டும்.

ஆகவே, அங்கே செல்பவர்கள் முதல்நாளே சொல்லிவைத்து இவ்வுணவுகளைக் கேளுங்கள். உரிய விலை கொடுங்கள். அல்மோராவில் வெண்சர்க்கரை மணிகள் பதித்த ‘பால் மிட்டாய்’ வாங்க மறவாதீர்கள். மாலு இலையைக் கூம்பாகச் சுருட்டிப் பால்கோவா பொதிந்த ‘சிங்கோரி’யையும் சுவையுங்கள்.

அங்கே போக இயலாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேழ்வரகுக் களியையும் கொள்ளுத் துவையலையும் விருந்தினர் கண்ணில் படாமல் மறைக்கும் வீடுகள் நம்மிடையேயும் உண்டு. உங்கள் வீட்டுப் பாட்டியிடம் இன்றே ஒரு பழைய சமையலைக் கேட்டு அறியுங்கள். நான் புறப்பட்ட காலையில் அந்தப் பேரன் அடுப்பருகே அமர்ந்து பட் வறுத்துக்கொண்டிருந்தான். ஆமா பக்கத்தில் நின்று அதட்டிக்கொண்டிருந்தார்.