முப்பது வருடம் கழித்து ஒரு பதில்

 

ஹெல்மெட்டோடு நான் நிற்கிற படத்தைப் பேத்தி குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாலும் போட்டாள், "என்ன சார், இந்த வயசுல ரேஸா?" என்று கேட்காத ஆள் இல்லை. ஆளாளுக்குத் தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ரேஸ் இல்லை. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு நாள் கார் ஓட்டும் பயிற்சிக்குப் போனேன், அவ்வளவுதான். மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்து காட்டிய நம்ம ஊர் கரிவரதன் பெயரில் உள்ள டிராக் அது. சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளம், அதற்குள் எத்தனை நெளிவு!

கார்ப் பைத்தியம் எனக்குப் புதிதல்ல. கல்லூரி நாட்களில் சோழவரத்துக்குப் பஸ் ஏறிப் போய், அந்தப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸை வெயிலில் நின்று பார்த்தவன். 2005-ல் நாராயண் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டியபோது வகுப்பில் மிட்டாய் கொடுத்தவன். ஆனால் இந்தப் பயிற்சிக்குப் போனது ஆசையால் அல்ல. பயத்தால்.

போன ஐப்பசி மழையில் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் மனைவி, பின்னால் பேத்தி. ஒரு கொண்டை ஊசி வளைவுக்குள் கொஞ்சம் வேகமாக நுழைந்துவிட்டேன். பாதி வளைவில் அது புரிந்து பிரேக்கை அழுத்தினேன். ஸ்டீயரிங் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது, வண்டி நேராகக் கைப்பிடிச் சுவரை நோக்கிப் போகிறது. பிரேக் பெடல் காலுக்கடியில் தடதடவென்று உதறியது. என்னவோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டேன். அந்த நொடியில் வண்டி வலப்பக்கம் திரும்பியது. சுவருக்கும் எங்களுக்கும் ஒரு முழம் இருந்திருக்கும்.

மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்குப் பிறகு எங்கே கிளம்பினாலும், "பஸ்ஸுலயே போயிக்கலாமுங்க" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

பயிற்சி கொடுத்த பையனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. முதல் பாடமே உட்காருவதுதான். முதுகு சீட்டில் ஒட்டியிருக்கும்போது மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியைத் தொட வேண்டும். நான் இத்தனை வருடமாக ஈஸிசேரில் சாய்ந்த மாதிரி ஓட்டியிருக்கிறேன். அடுத்து கண். "எங்க பாக்கறீங்களோ அங்கதான் சார் வண்டி போகும்" என்றான். கோத்தகிரி வளைவில் நான் சுவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பிரேக். நேர் பாதையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கூம்பு வைத்த இடத்தில் முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். பெடல் உதறியது, வழக்கம்போல் காலை எடுத்தேன். "எடுக்காதீங்க சார், அது ஏபிஎஸ் வேலை செய்யுது. அது பாட்டுக்கு உதறட்டும், நீங்க மிதிச்சுட்டே இருங்க." ஐந்தாவது தடவைதான் கால் சொன்ன பேச்சைக் கேட்டது.

இந்தக் கணக்கையெல்லாம் கரும்பலகையில் ஆயிரம் தடவை போட்டவன் நான். 60-ல் வரும் வண்டி உலர்ந்த சாலையில் நிற்க ஏறக்குறைய 18 மீட்டர். உராய்வு பாதியாகக் குறையும் மழையில் 35 மீட்டர். அதே 60-ல் ஒரு நொடிக்கு 17 மீட்டர் ஓடிவிடும். இந்த வயதில் மூளை சொல்லிக் கால் போய்ச் சேருவதற்குள் எத்தனை மீட்டர் என்று அன்றைக்குத்தான் கூம்புகளை எண்ணிப் பார்த்தேன். சந்தோஷமான எண் இல்லை, விடுங்கள்.

மதியம் அவனிடம் கோத்தகிரி கதையைச் சொன்னேன். "காலை எடுத்ததுதான் சார் உங்களைக் காப்பாத்துச்சு" என்றான். காலையில் முழுக்க எதைச் செய்யாதே என்றானோ, அதுவே! ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினான். டயருக்குத் தரையில் உள்ள பிடிமானம் ஒரே ஒரு கையிருப்பு. பிரேக்கும் அதிலிருந்துதான் எடுக்கிறது, திருப்பமும் அதிலிருந்துதான் எடுக்கிறது. பிரேக்கே மொத்தத்தையும் தின்றுவிட்டால் திரும்ப ஒன்றும் மிச்சமில்லை. நேர்ப் பாதையில் அது பரவாயில்லை. வளைவில்?

அந்த வட்டத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிதாகரஸ்! பிடிமானத்தில் 60 சதவீதத்தை பிரேக் எடுத்துக்கொண்டால் திருப்பத்துக்கு மிஞ்சுவது 40 அல்ல, 80. மூன்று, நான்கு, ஐந்து முக்கோணம். பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தினாலே திரும்பும் சக்தி அள்ளிக்கொண்டு வரும். முப்பத்து மூன்று வருடம் இயற்பியல் நடத்தியவன், இதை 65 வயதில் ஒரு சின்னப் பையனிடம் கற்றுக்கொள்கிறேன்.

சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. ஒரு முகம் ஞாபகம் வந்தது.

தொண்ணூறுகளில் பிளஸ் ஒன் வகுப்பு. கடைசி பெஞ்ச் பையன் ஒருவன், மேட்டுப்பாளையம் லாரி டிரைவர் மகன், உராய்வு பாடத்தில் எழுந்து கேட்டான்: "நேராப் போறப்ப பிரேக் புடிச்சா வண்டி நிக்குது, வளைவுல புடிச்சா ஏன் சார் வழுக்குது?" எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாயும் வரவில்லை. "பரீட்சைக்கு வராததைக் கேட்டு நேரத்தை வீணாக்காதே, உட்கார்" என்றேன். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அவன் கேள்வி எதுவும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

பழைய மாணவர் குழுவில் விசாரித்து நம்பர் வாங்கினேன். இப்போது ஊட்டிக்கு டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். மன்னிப்பு கேட்கத்தான் கூப்பிட்டேன், ஆனால் நேரே பாடத்தை ஆரம்பித்துவிட்டேன். வாத்தியார் புத்தி.

பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "நான் கேட்டதே நெனப்பில்லீங்க சார். எங்கப்பா சொல்லுவாருங்க, வளைவுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சு வேகத்தை அடக்கிரு, உள்ள போயி பிரேக்கைத் தேடாதேன்னு. இருபது வருசமா அப்படித்தானுங்க ஓட்டறேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவனே தொடர்ந்தான்: "ஏனுங்க சார், அந்த அறுபது போனா எம்பது மிஞ்சும்னு சொன்னீங்களே, அது எப்படிங்க? நாப்பதுதான வரோணும்?"

சொல்ல ஆரம்பித்தேன். சவாரி ஆள் வந்துவிட்டார்கள், ராத்திரி கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டான். ஒன்பதரைக்குக் கூப்பிட்டான். தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காரச் சொன்னேன்.

மனைவி போன ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறினாள், மருதமலை வரைக்கும். ஏறும் முன் ஒரு தடவை வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டாள்.