"நல்லாயில்லை எண்டு சொல்லலாமோ?"

"மிஸ், நல்லாயில்லை எண்டு சொல்லலாமோ?"

யாழ் நகரிலுள்ள ஒரு துரித உணவுக் கடையில் வைத்து, எமது சுயதொழில் குழுவைச் சேர்ந்த அக்கா ஒருவர் என் காதோடு காதாகக் கேட்ட கேள்வி இது. அவருக்கு முன்னால் கடதாசிப் பெட்டியில் உருளைக்கிழங்குச் சிப்ஸ் இருந்தது. விரல் போல நீளமாக வெட்டிப் பொரித்து, பிரெஞ்ச் பிரைஸ் என்ற பெயரில் விற்கிறார்களே, அதுதான். காசு கொடுத்து வாங்கியது. ஆனாலும் அதைப் பற்றி ஒரு குறை சொல்ல அவருக்குப் பயமாக இருந்தது.

அவர் கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்தவர். 2009 இல் கணவரை இழந்து, முகாம் வாழ்க்கையின் பின்னர் மூன்று பிள்ளைகளுடன் ஊர் திரும்பியவர். பின்னேரங்களில் பஸ் தரிப்பிடத்துக்கு அருகே அடுப்பு மூட்டி வடையும் மரவள்ளிக்கிழங்குப் பொரியலும் விற்பார். ரியூசன் முடிந்து வரும் பிள்ளைகள் கேட்கிறார்களே என்று குழுக்கடன் எடுத்து உருளைக்கிழங்கும் பொரிக்கத் தொடங்கினார். இரண்டு கிழமைக்குள் பிள்ளைகள் வாங்குவதைக் குறைத்துவிட்டார்கள். "ரவுணிலை விக்கிற மாதிரி இல்லை அன்ரி" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டதாம். "உதெல்லாம் எங்களுக்குச் சரிவராது மிஸ்" என்று அவர் சோர்ந்து போனார். ஆனால் கடன் தவணை சோர்ந்து போவதில்லை. அது மாதம் தவறாமல் வந்து நிற்கும்.

பயிற்சி ஒன்றுக்காக யாழ்ப்பாணம் போன அன்று, அந்த ரவுண் சிப்ஸ் எப்படித்தான் இருக்கிறது என்று பார்ப்போமே என நான்தான் அவர்களை அழைத்துச் சென்றேன். ஐந்து பெண்கள், இரண்டு பெட்டிகள். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல "நல்லாயிருக்கு மிஸ்" என்றார்கள். நானும் அப்படியே தலையாட்டினேன். அதன் பிறகுதான் அந்த அக்கா என் காதில் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"தாராளமாகச் சொல்லலாம். என்ன குறை எண்டு சொல்லுங்கோ அக்கா" என்றேன்.

அவர் ஒரு துண்டை எடுத்து ஒரு நுனியில் பிடித்தார். மறு நுனி தொங்கியது. "பாருங்கோ, இது பொரிச்சு வைச்சுக் கனநேரம்" என்றார். இரண்டாகப் பிய்த்து உள்ளே காட்டினார். "நடு மாவாயில்லை, ஈரமாக் கிடக்கு." பெட்டியின் அடிக் கடதாசியைத் தடவினார். விரலில் எண்ணெய் மினுங்கியது. "எண்ணெய் காயமுந்திப் போட்டிருக்கினம். இல்லாட்டி ஒரேயடியாக் கனக்கப் போட்டிருக்கினம்." ஒரு துண்டில் உப்புக் கரித்தது, மற்றதில் உப்பே இல்லை. கடைசியாக மணந்து பார்த்து, எண்ணெய் பழசு என்றார்.

எவ்வளவு சரியான தீர்ப்பு! நல்ல சிப்ஸின் நிறம் பொன் போல இருக்க வேண்டும். நுனியில் பிடித்தால் வளையாமல் நிற்க வேண்டும். மேற்பகுதி மொறுமொறுப்பாகவும் உட்பகுதி அவித்த கிழங்கு போல மாவாகவும் இருக்க வேண்டும். உப்பு சமமாக இருக்க வேண்டும். சாப்பிட்ட பின் எண்ணெய் வாயில் ஒட்டி நிற்கக்கூடாது. உணவுத் தொழிலில் உள்ளவர்கள் பார்ப்பதும் இவற்றைத்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. எங்களில் மற்றொருவர் சைவம். முதலாமவர் வாய் திறந்ததைக் கண்டு இவருக்கும் துணிவு வந்தது. "தம்பி, கோழி பொரிக்கிற எண்ணெயிலையோ இதையும் பொரிக்கிறனீங்கள்?" என்று பரிமாறிய பையனைக் கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. உள்ளே போய் விசாரித்து வந்து, எண்ணெய் வேறு வேறு என்று பணிவாகப் பதில் சொன்னான்.

இதைக் கேட்பதில் வெட்கம் எதுவுமில்லை. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் முன்னர் மாட்டுக் கொழுப்புக் கலந்து சிப்ஸ் பொரித்தது. 1990 இல் தாவர எண்ணெய்க்கு மாறியது. ஆனால் சுவையூட்டியில் மாட்டிறைச்சிச் சாறு தொடர்ந்தும் சேர்க்கப்பட்டது. அதை அறிந்து 2001 இல் இந்துக்களும் சைவ உணவுக்காரர்களும் வழக்குத் தொடுத்தார்கள். 2002 இல் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, 10 மில்லியன் டொலர் கொடுக்கவும் உடன்பட்டது. எதில் பொரித்தாய் என்று கேட்கும் உரிமை வாங்கிச் சாப்பிடும் எவருக்கும் உண்டு.

எங்களை முதலில் மௌனமாக்கியது எது? பியர் பூர்தியூ என்ற பிரெஞ்சு சமூகவியலாளர், ஒருவருடைய ரசனைக்கும் அவருடைய சமூக நிலைக்கும் உள்ள தொடர்பை 1979 இல் வெளியான தமது நூலில் விரிவாக ஆராய்ந்தார். பல்கலைக்கழகத்தில் அதைப் படித்துப் பரீட்சையும் எழுதியவள் நான். ஆனால் கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் இருந்தால் சாப்பாடும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நானும் தலையாட்டினேனே! முப்பது வருடமாக அடுப்படியில் நிற்கும் பெண்ணின் நாக்கு, என் பட்டத்தை விடத் தெளிவாக இருந்தது.

அடுத்த கிழமை அவருடைய குசினியில் எல்லோரும் கூடினோம். கடைச் சிப்ஸை எடைபோட்ட அதே அளவுகோலால் அவர் தமது பொரியலையும் எடைபோட்டார். அது எளிதான காரியமல்ல. வெளியே கருகி, உள்ளே வேகாமல் இருப்பதை அவரே ஒப்புக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாகத் திருத்தினோம். நீங்களும் செய்து பார்க்கலாம்.

கிழங்கில் மாத்தன்மை கூடினால் பொரியல் நன்றாக வரும். ஏறக்குறைய பதினொரு கோப்பை தண்ணீரில் ஒரு கோப்பை உப்பைக் கரைத்துக் கிழங்கைப் போட்டுப் பாருங்கள். மாக்கிழங்கு தாழும், நீர்த்தன்மை கூடியது மிதக்கும். மிதப்பதைக் கறிக்கு வையுங்கள். கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். குளிரில் அதன் மாப்பொருள் சீனியாக மாறுவதால், வேகுமுன் நிறம் கறுத்துவிடும்.

வெட்டிய துண்டுகளை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து ஈரத்தைப் போக்குங்கள். முதலில் மிதமான சூட்டில், நிறம் மாறாமல் வேகவைத்து எடுங்கள். ஆறவிட்டு, இரண்டாம் முறை நல்ல சூட்டில் பொன்னிறமாகப் பொரியுங்கள். முதல் முறையில் உள்ளே வேகும். இரண்டாம் முறையில் மேற்பகுதி காய்ந்து மொறுமொறுப்பாகும். தாச்சியை நிறைக்க வேண்டாம். நிறைத்தால் சூடு இறங்கித் துண்டுகளில் எண்ணெய் ஏறும். பொரித்ததை மூடி வைக்கவும் வேண்டாம். அதன் ஆவியே அதை இளக்கிவிடும். உடனே உப்புத் தூவுங்கள்.

கருகப் பொரிப்பதால் சுவை மட்டும் கெடுவதில்லை. மாப்பொருள் உணவுகளை அதிக சூட்டில் பொரிக்கும்போது அக்ரிலமைட் என்ற தீங்கான பொருள் உண்டாவதை சுவீடன் ஆய்வாளர்கள் 2002 இல் கண்டறிந்தார்கள். நிறம் கறுக்கக் கறுக்க அதன் அளவும் கூடும்.

எண்ணெய் விடயத்தில் மட்டும் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. கறுத்து, நுரைத்து, புகைக்கும் எண்ணெயை வீசிவிடுங்கள் என்றேன். "2022 இலை எண்ணெய் விலை ஏறேக்கை நாங்கள் பட்டபாடு உங்களுக்குத் தெரியும்தானே மிஸ்" என்றார் அந்த அக்கா. உண்மைதான். வீசச் சொல்வது எனக்குச் சுலபம். கடைசியில் அவரே வழி கண்டார். சின்னத் தாச்சி, கொஞ்ச எண்ணெய், ஒவ்வொரு நாளும் வடித்துத் தூள் நீக்குவது. வீச வேண்டிய அளவு குறைந்தது.

இப்போது வாரத்தில் மூன்று நாட்கள் சிப்ஸ் போடுகிறார். கடன் இன்னும் முடியவில்லை. ஆனால் பிள்ளைகள் திரும்ப வருகிறார்கள். போன மாதம் அவருடன் சந்தைக்குப் போனபோது, வியாபாரி நிறுத்த கிழங்கிலிருந்து நான்கைந்தை எடுத்து, "அண்ணை, இது பச்சை பிடிச்சது, மாத்தித் தாங்கோ" என்றார். பச்சை பிடித்த கிழங்கு உடம்புக்கு ஆகாது. வியாபாரி முணுமுணுத்தபடி மாற்றிக் கொடுத்தார்.

சகோதரிகளே, தந்ததை வாங்கிக்கொள்ளப் பல வருடங்களாகப் பழகிவிட்டோம். நிவாரண வரிசையில் நின்றபோது அரிசியில் வண்டு என்று சொல்ல முடியாமல் இருந்தோம். அந்த மௌனத்தை இன்று காசு கொடுத்து வாங்கும் கடைக்கும் கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை. எது நல்லது, எது குறை என்று எமது கைக்கும் நாக்கும் தெரியும். அதை வாய் திறந்து சொல்லிப் பழகுவோம்.