அரைப் பேர்

1990 என்ற இலக்கத்தை அழைத்தால் கட்டணமின்றி நோயாளர் காவுவண்டி வரும் என்ற நிலை, இந்திய அரசின் நன்கொடையுடன் 2016ஆம் ஆண்டிலே மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. 2018இல் அது வடக்கிற்கும் வந்தது. அதற்கு முன்னர் ஏழை நோயாளிக்கு வாய்த்தவை முச்சக்கர வண்டியும், மலைநாட்டிலே கொழுந்து லொறியுமே.

அவசர மருத்துவ உதவியாளர் பணிக்குப் பயிலப் புகுந்தபோது, உயிர்காத்தல் மேதைகளுக்கே உரிய வித்தையென எண்ணியிருந்தோம். நாம் கற்றதோ ஒழுங்கு. முதலிற் சுவாசப் பாதை, அடுத்துச் சுவாசம், அதன்பின் குருதியோட்டம். இதயம் நின்றவரின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்தவேண்டும். இரண்டு நிமிடத்திற் கைகள் தளரும். மற்றொருவர் மாறிக்கொள்ள வேண்டும். பணி முடிந்தபின் வண்டியைக் கழுவி, பிராணவாயு உருளையின் அளவைப் பார்த்துவைப்பதும் உயிர்காக்கும் வேலையே.

இதனை எளிய மனிதரும் கற்கலாம் என்பதற்குச் சரித்திரம் சான்று. 1967இல் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரிலே, வேலைக்குத் தகுதியற்றோர் என ஒதுக்கப்பட்ட கறுப்பின இளைஞர்களை வைத்தே ‘பிறீடம் ஹவுஸ்’ சேவை எழுந்தது. டாக்டர் பீற்றர் சபார் அவர்களுக்கான பயிற்சியை வகுத்தார். அதுவரை அங்கே நோயாளியைப் பொலிஸ் வண்டியே அள்ளிச் சென்றது. 1975இல் நகர நிர்வாகம் தன் சொந்தச் சேவையை அமைத்து, அவர்களுடையதற்கு முடிவு கட்டியது.

ஒருநாள் முற்பகல், மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து எமக்கு அழைப்பு வந்தது. குளவிக் கொட்டு! பாதை குண்டும் குழியுமாகையால் வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு ஏறி நடந்தோம். எதிரே நால்வர் கம்பளியின் நான்கு முனைகளையும் பிடித்து, ஒரு தாயைச் சுமந்து வந்தனர். முகம் வீங்கியிருந்தது, மூச்சு இழுத்தது, நாடி தளர்ந்திருந்தது. குளவி நஞ்சின் ஒவ்வாமையால் தொண்டை அடைபடவும் இரத்த அழுத்தம் சரியவும் கூடும். அட்ரினலின் ஊசியே அதற்கு முதல் மருந்து. வைத்தியசாலையில் அவ்வூசி ஏறும்வரை அவரது மூச்சைக் காப்பது எமது பொறுப்பாயிற்று. பிராணவாயுவைக் கொடுத்து அருகில் அமர்ந்தோம்.

அவர் எமது கையைப் பற்றினார். பிழைப்பேனா என்று கேட்பாரென எதிர்பார்த்தோம்.

“தம்பி, இன்னைக்கு அரைப் பேருதான் போடுவாங்களா?” என்றார்.

தோட்டத்திலே ‘பேர்’ என்பது நாட்கூலி. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர். நஞ்சுக்கு மருந்து எமது பாடத்தில் இருந்தது. இந்த வினாவுக்கு இருக்கவில்லை. “முழுப் பேரே போடுவாங்க, அம்மா” என்றோம், நம்பிக்கை இல்லாமலே. அவர் பிழைத்தார். அரைப் பேரே விழுந்தது என்பதைப் பின்னர் அறிந்தோம்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! மார்பை அழுத்தும் முறையை நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். வண்டி வந்து சேருமுன் அது ஓர் உயிரைக் காக்கும். அத்துடன் நின்றுவிடாதீர்கள். குளவிக் கூடுகளை அகற்றுவதும், பாதையைச் செப்பனிடுவதும், தொழிலிற் காயமுற்ற நாளுக்கு முழுப் பேர் போடுவதும் யாருடைய கடமை என்று உரத்துக் கேளுங்கள். கம்பளியைச் சுமந்த அந்த நால்வரும் தம் பங்கைச் செய்துவிட்டனர்.