விலாதத்தும் விலாயத்தும்

கடந்த செப்டம்பர்த் திங்களில் ஓரிரவு, இஷாத் தொழுகை முடிந்து வெகுநேரம் ஆனபின், நம்மிடம் ஓதிய மாணவன் ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். பொறியியற் கல்லூரியில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஸலாம் கூறினான், பிறகு பேச்சில்லை. நாமே பெயர் சொல்லி அழைத்தபின், "ஹஜ்ரத், ஊருக்கே வந்துவிடட்டுமா?" என்றான். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் பயின்றவன், கணக்கில் கெட்டிக்காரன். அதே கணக்கு ஆங்கிலத்தில் நடத்தப்படும்போது தனக்குத் தெரிந்ததும் தெரியாதது போல் ஆகிவிடுகிறது என்றான்.

உடனே மறுமொழி கூற நமக்கு நா எழவில்லை. 1990ஆம் ஆண்டு கண்முன் வந்து நின்றது.

ஏழாண்டு மத்ரஸாவில் ஓதி ஸனது பெற்று, தனித்தேர்வராக மேனிலைத் தேர்வும் எழுதி, அவ்வாண்டு இளங்கலைத் தமிழ் வகுப்பில் சேர்ந்தோம். நமக்கு வயது 21. உடன் பயின்றோர் 17, 18 வயதினர். கிதாபு ஓதியவனுக்குக் காலேஜ் எதற்கு என்று ஊரில் சிலர் கேட்டனர். உம்மா எவருக்கும் விடை கூறாமல், தம் காதில் கிடந்த அலுக்கத்தை அடகு வைத்துக் கட்டணத்தைக் கையில் தந்தார்கள்.

மத்ரஸாவில் ஒரு பாடத்தை மூன்று முறை சந்திப்போம். முதல்நாள் இரவே வரும் பகுதியைத் தனியே பார்த்துவைப்பது முதாலஆ. மறுநாள் உஸ்தாதின் முன்னமர்ந்து கேட்பது சபக். அதன்பின் மாணவர் வட்டமாக அமர்ந்து ஒருவர் உரைக்க மற்றவர் திருத்துவது தக்ரார். விளங்காத இடத்தைக் கடந்து செல்ல எவரும் விடமாட்டார். ஸுபுஹுத் தொழுகையின் ஸஃப்பில் ஒருவன் இல்லையென்றால், சூரியன் எழுமுன் அவன் பாயருகில் ஆள் வந்து நிற்கும். கல்லூரியிலோ மணி அடித்தால் பாடம் முடிந்தது; விளங்கியதா என்று கேட்பாரில்லை. வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் குறையாதவரை வராதவனைத் தேடுவாருமில்லை. சுதந்திரம் இனிக்கும் என்றே எண்ணியிருந்தோம். முதல் மாதம் அது பசியைப் போல் இருந்தது.

விடுதியில் மூத்த மாணவர் செய்த கேலிகளை இங்கே விரிக்க விரும்பவில்லை. தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடுக்கும் சட்டம் 1997இல்தான் வந்தது. அதுவும் ஒரு மருத்துவ மாணவர் கொலையுண்ட பின்னர். எமக்கு நேர்ந்தவை அதனோடு ஒப்பிடத் தக்கவை அல்ல. ஆயினும் ஒன்றை மட்டும் மறைக்கலாகாது. இரண்டாம் வாரத்திலேயே தலையிலிருந்த தொப்பியை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டோம். எவரும் கழற்றச் சொல்லவில்லை. எங்கே படித்தாய் என்று கேட்டவர்களிடம் தனித்தேர்வு எழுதிய ஊரின் பெயரைக் கூறினோமேயன்றி, ஏழாண்டு உப்பிட்ட மத்ரஸாவின் பெயரைக் கூறவில்லை.

அந்நிலையில்தான் சீறாப்புராணப் பாடம் வந்தது. பேராசிரியர் சைவர், நெற்றியில் நீறு துலங்க வருவார். உமறுப் புலவரின் விருத்தங்களை அவர் இசையோடு படித்தால், எங்கள் ஊரில் பெரியவர்கள் சீறா படித்ததைக் கேட்டது போலவே இருக்கும். நூலின் மூன்று காண்டங்களைக் கரும்பலகையில் எழுதினார்: விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம். ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, விலாயத்து என்றால் சீமை என்று எங்கள் பாட்டனார் சொல்வார். அதுதானா இது?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. "பிறப்பு என்று உரையில் இருக்கிறது. இரண்டும் ஒரே சொல்லா, வெவ்வேறா என்பது எனக்குத் தெரியாது. இங்கே அரபு அறிந்தவர் எவரேனும் உண்டா?" என்றார்.

ஸர்பு தொடங்கிய முதலாண்டுப் பிள்ளைக்கும் விடை தெரியும். விலாதத்து என்பது வாவ், லாம், தால் என்ற வேரில் பிறந்தது. வலத் என்னும் பிள்ளையும், வாலித் என்னும் தந்தையும், நம் இல்லங்களில் ஓதப்படும் மவ்லிதும் அக்குடும்பமே. விலாயத்துக்கு ஈற்றெழுத்து யே. வலீ என்ற சொல்லின் உறவு அது. ஆட்சியுரிமையைக் குறித்து, ஆளப்படும் நாட்டைக் குறித்து, கடைசியில் வெள்ளையர் சீமைக்குப் பெயராயிற்று. இத்தனையும் நாவின் நுனியில் இருந்தன. நாம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சரி, தெரிந்தவரைக் கேட்டு அடுத்த வகுப்பில் சொல்கிறேன்" என்று அவர் மேலே சென்றார்.

அன்றிரவு உறக்கமில்லை. முதியவர் ஒருவர் அறுபது பேர் முன்னிலையில் தெரியாது என்கிறார். தெரிந்த நாம் தெரியாதவன்போல் அமர்ந்திருக்கிறோம். கல்வியை மறைப்பது பற்றி எத்தனை முறை ஓதியிருக்கிறோம்! ஸுபுஹுத் தொழுதுவிட்டு, தொப்பியோடு அவர் வீட்டுக்கே நடந்தோம். அவர் வாசலில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். நடந்ததைக் கூறினோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. உள்ளே சென்று தம் சீறாப் பிரதியையும் ஒரு பென்சிலையும் கொண்டுவந்து, "ஓரத்தில் அரபெழுத்திலேயே எழுதுங்கள், தம்பி" என்றார். மூன்று காண்டப் பெயர்களையும் எழுதினோம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒலி கேட்டார். தொண்டையில் பிறக்கும் ஹே அவருக்கு வரவேயில்லை. நாலைந்து முறை முயன்று அவரே சிரித்துவிட்டார்.

பிறகு, "ஆங்கிலம் எப்படி?" என்றார். முதல் தேர்வில் நூற்றுக்கு 28 என்றோம். வகுப்பில் ஒரு மாணவனின் பெயரைக் கூறி, அவன் ஆங்கிலத்தில் வல்லவன், யாப்பில் தடுமாறுகிறான், இருவரும் சேர்ந்து உட்காருங்கள் என்றார். விலாயத்தைப் பற்றிக் கேட்டவனே அவன். அன்று முதல் இஷாவுக்குப் பின் விடுதி மாடிப்படியில் எங்கள் தக்ரார் நடந்தது. அவன் ஆங்கிலப் பாடத்தை உரைப்பான், நாம் திரும்பக் கூறுவோம். நாம் அசை பிரிப்போம், அவன் திருத்தம் கேட்பான். ஆண்டிறுதியில் ஆங்கிலத்தில் 47 பெற்றுத் தேறினோம். பெரிய மதிப்பெண் அன்று. ஆயினும் உம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் அதைத்தான் முதல் வரியில் எழுதினோம்.

இவையெல்லாம் அம்மாணவனிடம் அன்றிரவு சொல்லவில்லை. "உன் அறையில் உடனிருப்பவர் யார்?" என்று மட்டும் கேட்டோம். மூவர் என்றான். பெயர்? ஒருவர் பெயர் தெரியும். மற்ற இருவரும் எந்நேரமும் கைப்பேசியோடு இருக்கிறார்கள் என்றான்.

"நீ?"

சற்றுத் தயங்கி, "நானும்தான் ஹஜ்ரத்" என்றான்.

"நாளை அவ்விருவர் பெயரையும் கேள். எவரேனும் ஒருவரோடு கணக்கில் ஒரு பக்கமாவது சேர்ந்து பார். ஜும்ஆவுக்குப் பின் எமக்குச் சொல். ஊருக்கு வருவதைப் பிறகு பேசலாம்" என்றோம்.

வெள்ளியன்று மாலை அழைத்தான். ஒருவன் தருமபுரிப் பக்கத்துப் பிள்ளையாம். அவனும் தமிழ் வழியில் படித்தவன்தானாம். "மூன்று வாரமாக அவனும் என்னைப் போலவே விளங்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறான், ஹஜ்ரத்; நான் அவனைப் பெரிய படிப்பாளி என்று நினைத்திருந்தேன்" என்றான். அவர்களிடம் இன்னும் ஒரு கணக்கு முடியாமல் இருப்பதாகக் கூறி, ஸலாம் உரைத்து விரைவாக வைத்துவிட்டான்.