எதற்குச் சார்பான ஆர்முடுகல்?



சூத்திரத்தைப் பாடமாக்கியவனுக்குத் தன் பிழை இலகுவில் தெரிவதில்லை. உயர்தரத்தில் இணைந்த கணிதம் கற்றபோது நான் இதை உணர்ந்தேன். சாதாரண தரத்தில் கற்கும் உங்களுக்கும் அது பயன்படும்.

தவணைப் பரீட்சைக்கு முதல்நாள் நண்பன் ஒருவன் கணக்கொன்றைச் செய்து காட்டினான். சாய்வான ஒப்பமான கோலொன்றில் சிறு வளையம் வழுக்குகிறது. கோலின் நீளம் 5 பங்கெனின், உயரம் 3 பங்கு, கிடைத்தூரம் 4 பங்கு. கோல் சாய்வு மாறாமல், கீழ்முனை உள்ள பக்கமாக 5 மீ செ⁻² கிடை ஆர்முடுகலுடன் இயங்குகிறது. கோலுக்குச் சார்பாக வளையத்தின் ஆர்முடுகல் யாது? புவியீர்ப்பு ஆர்முடுகல் 10 மீ செ⁻².

அவன் 2 என எழுதியிருந்தான். "பிழை, விடை 6" என்று நான் அடித்துச் சொன்னேன். அவன் தன் விடையை வெட்டிவிட்டான். மறுநாள் அதே வகைக் கணக்கு வந்தது. என்னை நம்பிய அவனும் புள்ளிகளை இழந்தான். என் விடைத்தாளில் ஆசிரியர் சிவப்பு மையால் "எதற்குச் சார்பாக?" என்று மட்டும் எழுதியிருந்தார்.

என் 6 எங்கிருந்து வந்தது? ஒப்பமான கோல் வளையத்தைத் தனக்குச் செங்குத்தாகவே தள்ளும். எனவே கோல் வழியே புவியீர்ப்பின் கூறு மட்டுமே உண்டு: 10 × 3/5 = 6. ஆனால் இது நிலத்துக்குச் சார்பானது. கோலுக்கும் அதே திசையில் 5 × 4/5 = 4 என்ற கூறு உண்டு. ஆகவே கோலுக்குச் சார்பாக 6 − 4 = 2. நண்பனே சரி.

கோலின் ஆர்முடுகல் 7.5 மீ செ⁻² ஆயின், 7.5 × 4/5 = 6. அப்போது கோலில் ஓய்வாக விடப்பட்ட வளையம் வழுக்காது. அதற்கு மேற்பட்டால், வளையம் கோலில் மேல்நோக்கி ஏறும்!

வீட்டில் தடியொன்றில் காப்பொன்றைக் கோத்து, கீழ்முனைப் பக்கமாகச் சடுதியாக நகர்த்திப் பாருங்கள். உராய்வு இருப்பதால் எண்கள் பொருந்தா. ஆயினும் காப்பு பின்தங்குவது தெரியும்.

நண்பன் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எனக்கு அதிகம் வலித்தது. ஆர்முடுகல் என்று வாசித்தவுடன் "எதற்குச் சார்பாக?" என்று கேளுங்கள். பிறர் விடையை வெட்டச் சொல்லுமுன், வினாவை இன்னொருமுறை வாசியுங்கள்.