பட்டியலில் இல்லாத முகம்

விளம்பரப் படங்களுக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுப்பது என் தொழில். தமிழ் விளம்பரங்களில் தமிழ் முகங்கள் அருகிப்போனதற்கு நானும் காரணம்.

ஒரு சலவைத்தூள் விளம்பரம். கதையில் வருவது மதுரைக் குடும்பம். அம்மா வேடத்துக்கு ஆடிஷன் நடத்தினோம். மேடை நாடகங்களில் நடித்துவந்த ஒரு பெண் வந்தார். எழுதிக் கொடுத்த வசனம் அவர் பேசும்போது வீட்டுப் பேச்சாகிவிட்டது. அன்று வந்தவர்களில் அவர்தான் சிறந்தவர். அது எனக்கு அப்போதே தெரியும்.

அவர் கறுப்பு. கிளையன்டுக்கு அனுப்பிய பட்டியலில் அவர் படத்தை நான் சேர்க்கவில்லை. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. "இவரையா கூட்டிவந்தாய்?" என்று கேட்பார்களோ என்று பயந்தேன். அடுத்த வேலை வராதோ என்று பயந்தேன். வெளியே மட்டும், "ஜனங்க சிவப்பைத்தான் விரும்புறாங்க" என்று அனுபவசாலியாகப் பேசினேன். எந்த ஜனங்களையும் நான் கேட்டதில்லை.

மும்பையிலிருந்து வந்த மாடல் அம்மாவானார். அவருக்குத் தமிழ் தெரியாது. டப்பிங்குக்கு அந்த நாடக நடிகையையே அழைத்தேன். முகம் வேண்டாம் என்று ஒதுக்கியவரிடம் குரலைக் கேட்டு வாங்கினேன். பேசி முடித்ததும் அவர் கேட்டார்: "நான் சரியா நடிக்கலையா சார்?"

"உயரம் சரிவரலம்மா" என்றேன். பொய். அதன்பின் அவர் எந்த ஆடிஷனுக்கும் வரவில்லை. என் நிறமும் அவர் நிறம்தான்.

1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி சிவப்பழகு கிரீமின் மேல் பழிபோட்டு நான் தப்பிக்க முடியாது. கறுப்பும் அழகே என்று சொல்லும் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் 2009-இல் என் சென்னையிலேயே தொடங்கியது. 2014-இல் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில், சிவப்பழகு விளம்பரங்கள் கறுத்தவர்களை அழகற்றவர்களாக, சோர்ந்தவர்களாகக் காட்டக் கூடாது என்று விதி வகுத்தது. நான் எந்த விதியையும் மீறவில்லை. கறுத்தவர்களை நான் இழிவாகக் காட்டியதில்லை. காட்டவே இல்லை.

இழிவாகக் காட்டினால் புகார் செய்யலாம். விடுபட்ட முகத்துக்காக யார் புகார் செய்வது? தன் அம்மாவைப் போன்ற ஓர் அம்மாவைத் திரையில் பார்க்காமலே வளர்ந்த பிள்ளைக்கு, தான் இழந்தது என்னவென்றே தெரியாது.

நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் நாற்காலியில் இன்று இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பட்டியலை அனுப்புமுன், அதில் யாரை விட்டீர்கள் என்று பாருங்கள். ஏன் விட்டீர்கள் என்பதற்கு உண்மையான காரணத்தை எழுதிவையுங்கள். எழுதக் கூசினால், அவரைப் பட்டியலில் சேருங்கள்.