இராசபாளையத்து வெள்ளைக் குட்டிகள்

மதுரையிலிருந்து திருமங்கலம், டி. கல்லுப்பட்டி வழியே தென்மேற்காகச் செல்லும் பேருந்து, திருவில்லிபுத்தூர்க் கோபுரத்தைக் காட்டிய சிறிது நேரத்திற்கெல்லாம் நம்மை இராசபாளையத்தில் இறக்கிவிடுகிறது. மேற்கே சுவரெழுப்பியது போல் மலைத்தொடர். அருகே சஞ்சீவி மலை. ஊரைச் சுற்றி நூற்பாலைகள். பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கு வேண்டிய கட்டுத்துணி நெய்யப்படுகிறது. 1949 முதல் 1952 வரை சென்னை முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா இவ்வூரினரே.

எனினும் இவ்வூரின் பெயரை நாடறியச் செய்ததில் நாய்க்கும் பங்குண்டு. 2005 சனவரியில் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்கள் நான்கிற்கு அஞ்சல் தலை வெளியிட்டது. இமாலய ஆட்டு நாய், இராம்பூர் நாய், முதோல் நாய் ஆகியவற்றோடு இராசபாளையமும் இடம் பெற்றது. பால் போன்ற வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண்கள், ஆழ்ந்த மார்பு, ஒடுங்கிய வயிறு ஆகியன இதன் அடையாளங்கள். பன்றி வேட்டைக்கும் பண்ணைக் காவலுக்கும் முன்னோர் இதனை வளர்த்தனர்.

நமக்கு அறிமுகமான குடும்பம் ஒன்று தென்னந்தோப்பின் காவலுக்குக் குட்டி வாங்கப் புறப்பட்டபோது நாமும் உடன் சென்றோம். ஊர்ப்புறத்தில் நெடுங்காலமாக நாய் வளர்த்துவரும் முதியவர் ஒருவரின் வீட்டை அடைந்தோம். அவர் விலை பேசவில்லை, வினாக்களையே தொடுத்தார். தோப்பின் பரப்பு என்ன? வேலி உண்டா? நாள்தோறும் ஓடவிட ஆள் உண்டா? “கட்டியே போடுவதானால் வேண்டாம் ஐயா, இது ஓடப் பிறந்த பிராணி” என்றார். விற்பவர் இவ்வாறு வினவுவது நல்ல அடையாளம் என்று கருதினோம். பின்னரே தாய் நாயைக் காட்டினார். அது நம்மை ஐயத்தோடு நோக்கியதேயன்றி அஞ்சி ஒதுங்கவில்லை. தாயைக் காட்ட மறுப்பவரிடம் குட்டி வாங்கலாகாது.

ஒன்பது வாரக் குட்டிகள் ஏழு இருந்தன. சிறுவர் இருவரும் மாசு மறுவற்ற வெண்குட்டி ஒன்றை விரும்பினர். மற்றவை குதித்தாட, அது மட்டும் அமைதியாக உறங்கிக் கொண்டிருந்தது. முதியவர் அதன் கண்ணிற்படாதபடி பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினார். ஆறு தலைகள் திரும்பின, அது அசையவில்லை. “இதற்குக் காது கேளாது. இதை நான் விற்பதில்லை. என்னோடே இருக்கட்டும்” என்றார். சிறுவரின் முகம் வாடியது. நாமும் சற்று நேரம் பேச்சற்று நின்றோம்.

இந்தக் குறையின் காரணம் யாவரும் அறியத்தக்கது. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் உயிரணுக்களே உட்செவியிலும் இருந்து, ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்கள் வாழத் துணை செய்கின்றன. நிறம் முற்றும் நீங்கிய நாய்களுள் சிலவற்றிற்கு உட்செவியிலும் அவை இல்லாது போகின்றன. அப்போது பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் ஆற்றல் அழிந்துவிடும். அது பின்னர் மீள்வதில்லை. வெள்ளை நாய் யாவும் செவிடல்ல. ஆயினும் வெண்மையோடு வெண்மையைச் சேர்த்தே இனம் பெருக்குங்கால் இத்தகைய குட்டிகள் பிறக்கும் வாய்ப்பு மிகுகிறது.

“வருகிறவர்கள் ஒரு கரும்புள்ளி இருந்தாலும் விலையைக் குறைக்கிறார்கள். நாங்கள் என்ன செய்வோம்?” என்று முதியவர் கேட்டார். அக்கேள்வி நம் அனைவரையும் நோக்கியது என்றே எண்ணினோம். வாங்குவோர் விரும்புவதையே வளர்ப்போர் பெருக்குவர்.

ஆகவே குட்டி வாங்கச் செல்வோர் கருத்திற்கொள்ள வேண்டியவை சில உண்டு. செவிட்டுக் குட்டி உடன்பிறந்தவற்றைப் பார்த்துத் தானும் ஓடுவதால், கூட்டத்தில் அதன் குறை தெரிவதில்லை. ஒவ்வொன்றையும் தனியே பிரித்துச் சோதிக்க வேண்டும். கைதட்டினால் காற்றசைவும், தரையை உதைத்தால் அதிர்வும் அதற்கு எட்டிவிடும்; மறைவிலிருந்து எழும் ஒலியே சரியான சோதனை. ஒரு காது மட்டும் கேளாத குட்டியை இவ்வகையிலும் கண்டறிவது அரிது. அதற்கு மருத்துவக் கருவி வேண்டும். ஈறு சிவந்திருக்கிறதா, கண்ணில் பீளை உண்டா, வயிறு புழுக்களால் உப்பியிருக்கிறதா, தடுப்பூசிச் சீட்டு உண்டா என்பனவும் காணத்தக்கவை. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது என்பது 2017ஆம் ஆண்டின் நடுவணரசு விதி. பரம்பரைச் சான்று வேண்டுவோர், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப்பின் பதிவைக் கேட்டுப் பெறலாம்.

காதோரம் மங்கிய பழுப்புப் புள்ளியுடைய பெண் குட்டி ஒன்றை அக்குடும்பத்தார் தேர்ந்தனர். சாவியோசைக்கு முதலில் திரும்பியது அதுவே. புள்ளிக்காக விலையைக் குறைக்குமாறு அவர்கள் கேட்கவில்லை.

இந்த இனம் நம் மண்ணின் செல்வம். அது நிலைத்து வாழ வேண்டுமாயின், வாங்கச் செல்லும் நாம் நிறத்தைக் காணுமுன் அதன் நலத்தைக் காணப் பழக வேண்டும். அழைத்த குரலுக்குத் திரும்பும் நாயே தோப்பிற்குக் காவலாகும், வீட்டிற்குத் துணையாகும்.